கைமாறி வந்த .315 ரைபிள்: பழுது எங்கே, வழி என்ன

இந்தியாவில் தனியார் உரிமம் பெற்று வைத்துக்கொள்ளும் ரைபிள்களில் அதிகம் புழங்குவது .315 ஸ்போர்ட்டிங் ரைபிள். மேற்கு வங்கத்தின் இஷாப்பூர் ரைபிள் தொழிற்சாலையின் தயாரிப்பு இது. பெயர் ‘ஸ்போர்ட்டிங்’ என்றாலும் உள்ளே இருப்பது முதல் உலகப் போரில் பிரிட்டிஷ் இந்தியப் படை தூக்கிய லீ–என்ஃபீல்டு துப்பாக்கியின் போல்ட் அமைப்பு. தோட்டாவோ அதே போரில் எதிரணியில் நின்ற ஆஸ்திரியா–ஹங்கேரியின் மன்லிக்கர் வகை: 8×50 மி.மீ., அடியில் விளிம்பு உள்ளது. இந்த விநோதக் கூட்டணியைச் சேர்த்துவைத்தது காலனி அரசின் பயம். படையின் .303 தோட்டா கசிந்து வேண்டாதவர் கைக்குப் போய்விடக் கூடாது என்பதற்காக, படை பயன்படுத்தும் அளவுகளைத் தனியார் வைத்திருக்க 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இந்தியாவில் தடை வந்தது. பர்மிங்காமின் பி.எஸ்.ஏ. நிறுவனம் அதே துப்பாக்கியைப் படைத் தோட்டா பொருந்தாத .315 அளவில் செய்து இங்கே விற்றது. விடுதலைக்குப் பிறகு அந்த வழியை இஷாப்பூர் தொடர்ந்தது.

கையில் எடுத்தால் மூன்றரைக் கிலோவை ஒட்டிய கனம். மேகசினில் 5 தோட்டா. கட்டை இரண்டு துண்டாக இருக்கும். தோளில் பொருந்தும் பின்கட்டையை உள்ளே ஓடும் நீண்ட திருகாணி ஒன்று இறுக்கிப் பிடிக்கிறது. முன்கட்டை குழலின் அடியில் படுக்கிறது. போல்ட்டைப் பின்னுக்கு இழுப்பது எளிது. முன்னுக்குத் தள்ளும்போது கடைசி இரண்டு விரற்கடை தூரத்தில் மட்டும் எதிர்ப்புத் தெரியும். தோட்டாவைக் குத்தி வெடிக்கவைக்கும் அடிமுள்ளின் ஸ்பிரிங் அந்த இடத்தில்தான் முடுக்கேறுகிறது. மற்றப் பல ரைபிள்களில் இந்த வேலை போல்ட்டின் கைப்பிடியைத் தூக்கும்போது நடக்கும். டிரிகர் இரு கட்டமாக வரும்: முதலில் ஒரு தளர்ந்த இழுப்பு, பிறகு ஒரு தடை, அதைத் தாண்டினால் வேட்டு. இவை குறைகள் அல்ல, அமைப்பின் இயல்புகள். பழகாத கை இவற்றையே பழுது என்று எண்ணிவிடும்; விற்கிறவர் நிஜப் பழுதுகளை இவற்றின் பெயரில் மறைக்கவும் செய்யலாம். ‘அது அப்படித்தான் இருக்கும்’ என்ற பதிலைக் கேட்டவுடன், எது அப்படித்தான் இருக்கும், எது இருக்கக் கூடாது என்பது வாங்குபவருக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

உத்திரமேரூர் போன்ற கிராமப்புற வட்டத்தில் இத்தகைய ரைபிள் விற்பனைக்கு வருவது பெரும்பாலும் வாரிசு வழியில். தாத்தாவின் பெயரில் இருந்தது. அவருக்குப் பின் பேரனுக்கு உரிமமும் இல்லை, ஆசையும் இல்லை. இன்னொரு காரணம் சட்டம். 2019இன் ஆயுதச் சட்டத் திருத்தம் ஒருவர் வைத்திருக்கக்கூடிய சுடுகலன்களை மூன்றிலிருந்து இரண்டாகக் குறைத்தது. மூன்று வைத்திருந்தவர்கள் ஒன்றைக் கைவிட வேண்டியதாயிற்று. அந்த மூன்றில் எதைக் கைவிடுவார்கள் என்பதை யாரும் ஊகிக்கலாம். சந்தைக்கு வந்தவற்றில் நல்லவற்றைவிடச் சலித்துப்போனவை கூடுதலாக இருப்பதற்கு அதுவும் ஒரு காரணம்.

இந்த ரைபிளின் முதல் சோதனை காகிதத்தில் நடக்க வேண்டும். 1959ஆம் ஆண்டின் ஆயுதச் சட்டப்படி, உரிமம் வேண்டிய சுடுகலனை விற்க நினைப்பவர் மாவட்ட ஆட்சியருக்கோ அருகிலுள்ள காவல் நிலையப் பொறுப்பு அதிகாரிக்கோ, வாங்குபவர் யார் என்பதோடு எழுத்தில் தெரிவித்து, அதன்பின் 45 நாளாவது கழிந்திருக்க வேண்டும். முன்பணம் கொடுத்து ரைபிளை வீட்டுக்குக் கொண்டுபோய் ‘பார்த்துவிட்டுச் சொல்கிறேன்’ என்பதற்கு இதில் இடமே இல்லை. உரிமமின்றி வைத்திருந்தால் 2019 திருத்தத்துக்குப் பிறகு குறைந்தது 2 ஆண்டு, அதிகபட்சம் 5 ஆண்டுச் சிறை. ஆகவே பார்ப்பது, தொடுவது, போல்ட்டைக் கழற்றுவது எல்லாம் விற்பவரின் முன்னிலையில், முடிந்தால் உரிமம் பெற்ற ஆயுதக் கடையில் வைத்தே நடக்க வேண்டும். அந்த 45 நாளை வாங்குபவர்கள் தொல்லை என்று நினைக்கிறார்கள். சோதனைக்குச் சட்டமே கொடுக்கும் அவகாசம் என்று எடுத்துக்கொள்பவருக்குப் பின்னால் வரும் பாதி வழக்குகள் வராது.

அடுத்து எண். உரிமப் புத்தகத்தில் உள்ள எண்ணும் ரைபிளின் உடலில் பொறித்த எண்ணும் ஒரே எண்ணாக இருக்க வேண்டும் என்பதை எல்லாரும் பார்ப்பார்கள். போல்ட்டின் மேல் உள்ள எண்ணைப் பார்ப்பவர்கள் குறைவு. லீ–என்ஃபீல்டு குடும்பத்தில் போல்ட் அந்தந்த உடலுக்கென்று பொருத்தி எண்ணிடப்படுவது. எண் மாறியிருந்தால் போல்ட் வேறெங்கிருந்தோ வந்தது என்று பொருள். அப்படி வந்த போல்ட் வழுக்கிக்கொண்டு வேலை செய்யும், வேட்டும் விழும். ஆனால் தோட்டாவைத் தாங்கும் இடைவெளி சரியாக இருக்குமா என்பது தனிக் கேள்வி. எண் தேய்க்கப்பட்டோ அழிக்கப்பட்டோ இருந்தால் விலை பேசாமல் எழுந்து வந்துவிடுவதே நல்லது. எண் அழிந்த துப்பாக்கி யார் கையில் இருக்கிறதோ அவரே அழித்தார் என்று ஆயுதச் சட்டத்தின் 8ஆம் பிரிவு அனுமானிக்கிறது. இல்லை என்று நிரூபிக்க வேண்டியவர் அவர்தான்.

காகிதம் சரியானால் இரும்புக்கு வரலாம். மேகசினைக் கழற்றி, போல்ட்டைத் திறந்து, தோட்டா அறையில் ஒன்றும் இல்லை என்பதைக் கண்ணாலும் சுண்டுவிரலாலும் உறுதிப்படுத்திக்கொண்ட பிறகே மற்றவை. சோதனை நடக்கும் இடத்தில் தோட்டாக்களே இருக்கக் கூடாது. விற்பவர் ‘காலிதான்’ என்று சொல்வது சோதனை ஆகாது.

போல்ட்டை வெளியே எடுத்துவிட்டுப் பின்பக்கத்திலிருந்து குழலுக்குள் வெளிச்சத்தை நோக்கிப் பார்க்க வேண்டும். எண்ணெய் பூசிய குழலில் எல்லாம் பளபளப்பாகத்தான் தெரியும்; உலர்ந்த துணி விட்டு இழுத்த பிறகு பார்ப்பதே பார்வை. உள்ளே சுழன்று ஓடும் புரிகளின் ஓரம் கூர்மையாக இருந்தால் குழலுக்கு ஆயுள் மீதமிருக்கிறது. கரும்புள்ளிகள் சிதறிக் கிடந்தால் துருவின் அரிப்பு. இந்த வட்டாரத்தில் அது சாதாரணம். பழைய தோட்டாக்களின் ப்ரைமரில், அதாவது அடியில் முதலில் தீப்பற்றும் மருந்தில், பொட்டாசியம் குளோரேட் இருந்தது. வெடித்த பிறகு அது உப்பாகக் குழலில் படியும், ஈரத்தை இழுக்கும். எண்ணெய் அந்த உப்பைக் கரைக்காது, தண்ணீர்தான் கரைக்கும். சுட்டு முடித்தவுடன் வெந்நீர் விட்டுக் கழுவி, உலர்த்தி, பிறகு எண்ணெய் இட வேண்டும் என்ற பாடத்தைப் படையில் இருந்தவர்கள் அறிவார்கள். தண்ணீர் பட்டால் துரு பிடிக்கும் என்று நேராக எண்ணெய் போட்டு வைத்தவர்களின் ரைபிள்களே உள்ளே அதிகம் அரித்திருக்கும். ஐப்பசி, கார்த்திகை மழையில் துணி உறைக்குள் கிடந்தவையும், தேர்தல்தோறும் காவல் நிலையத்திலோ ஆயுதக் கடையிலோ ஒப்படைக்கப்பட்டு மாதக்கணக்கில் துடைக்காமல் இருந்தவையும் இதே கதிதான். லேசான அரிப்பு குறியைக் கொஞ்சம் கெடுக்கும், ஆளைக் கெடுக்காது. விலையைக் குறைத்து வாங்கலாம்.

மன்னிக்கக் கூடாதது ஒன்று உண்டு. குழலின் நடுவில் எங்காவது வளையம்போல ஒரு நிழல் தெரிந்தால் அங்கே குழல் உப்பியிருக்கிறது. மண்ணோ, குளவி கட்டிய கூடோ, முன்பு சிக்கிய குண்டோ உள்ளே இருக்கும்போது யாரோ சுட்டிருக்கிறார்கள். வெளிப்புறத்தில் விரலை மெதுவாக ஓட்டினால் சில சமயம் அந்த இடம் தட்டுப்படும். இதற்கு மருந்து கிடையாது. குழலை மாற்றுவதென்றால் தொழிற்சாலைதான் வழி, செலவும் அலைச்சலும் ரைபிளின் மதிப்பை விழுங்கிவிடும்.

குழல்வாயின் விளிம்பையும் பார்க்க வேண்டும். குழலைப் பின்பக்கமாகச் சுத்தம் செய்யாமல் வாய்ப்பக்கமாகக் கம்பி விட்டு ஆண்டுக்கணக்கில் இழுத்திருந்தால் அங்கே புரி தேய்ந்து வாய் முட்டை வடிவமாகியிருக்கும். உள்ளே கண்ணாடிபோல் இருக்கும் குழல் குறி தவறிக்கொண்டே இருப்பதற்கு இதுவே காரணமாக இருப்பதுண்டு. நல்ல துப்பாக்கிப் பழுதுநீக்குபவர் வாயை மட்டும் புதிதாகச் சீவிக் கொடுப்பார், சின்ன வேலை. ஆனால் குழலை நீளவாக்கில் வெட்டிக் குறைப்பதை அரசு உரிமம் இல்லாமல் யாரும் செய்ய முடியாது. ஆயுதச் சட்டத்தின் 6ஆம் பிரிவு அதற்கென்றே இருக்கிறது.

இந்த ரைபிளின் உயிர்நிலை போல்ட். தோட்டாவின் அடியைத் தாங்கும் போல்ட்தலை தனித் துண்டாகத் திருகப்பட்டிருக்கும். விளிம்புள்ள தோட்டா என்பதால் அதன் விளிம்பு குழலின் பின்முகத்தில் உட்கார, போல்ட்தலை பின்னாலிருந்து அழுத்துகிறது. இரண்டுக்கும் நடுவே விடப்படும் இடைவெளிக்கு ஹெட்ஸ்பேஸ் என்று பெயர். தேய்மானத்தால் அது கூடிவிட்டால், வேட்டின்போது பித்தளைக் கூடு பின்னுக்கு நீண்டு அடிக்கு அருகில் கிழியும். எரிவாயு சுடுபவரின் முகத்தை நோக்கி வரும். லீ–என்ஃபீல்டில் பூட்டுக் காதுகள் போல்ட்டின் பின்பாதியில் இருப்பதால் உடலும் போல்ட்டும் சற்றே நீட்சி கொடுக்கும். எனவே இந்த இடைவெளியில் அலட்சியம் கூடவே கூடாது. கண்ணால் இதை அளக்க முடியாது. ‘கோ’, ‘நோ-கோ’ என்ற இரண்டு எஃகு அளவுகோல்கள் வேண்டும்: ஒன்றின் மேல் போல்ட் முழுதாக மூட வேண்டும், மற்றதன் மேல் மூடக் கூடாது. அளவுகோல் வைத்திருக்காத கடையில் இந்தச் சோதனை நடந்துவிட்டதாகச் சொன்னால் நம்ப வேண்டியதில்லை. அளவுகோல் கிடைக்காதவருக்கு ஒரு மாற்றுச் சான்று உண்டு: அந்த ரைபிளிலேயே சுட்ட பழைய கூடு. அதன் அடிக்குச் சற்று மேலே பளபளவென்று ஒரு மெல்லிய வளையமோ, முடிபோன்ற விரிசலோ சுற்றியிருந்தால் முடிவு தெரிந்துவிட்டது.

அடிமுள்ளின் பழுதுகள் இதைவிடச் சாதாரணம், இதைவிட எளிதில் தீரும். சுட்டும் வெடிக்காத தோட்டாவின் ப்ரைமரில் ஆழமில்லாத தழும்பு இருந்தால் அடி போதவில்லை. ஸ்பிரிங் சோர்ந்திருக்கலாம், முள்முனை தேய்ந்திருக்கலாம். உத்திரமேரூர்ப் பக்கம் மூன்றாவதாக ஒன்றையும் சேர்க்க வேண்டும்: தேங்காய் எண்ணெய். ஏறத்தாழ 24 டிகிரி செல்சியசுக்குக் கீழே அது உறையும். மார்கழி விடியலில் வெப்பநிலை அதற்கும் கீழே இறங்கும். பகலில் ஒழுங்காக வேலை செய்யும் ரைபிள் பனிக்காலையில் அடி தவறுவதற்கு, போல்ட்டுக்குள் வெண்ணெய்போல் உறைந்த அந்த எண்ணெயே போதும். நாளாவட்டத்தில் அது சிக்குப்பிடித்து அமிலமாகி இரும்பையும் அரிக்கும். போல்ட்டைப் பிரித்து மண்ணெண்ணெயில் கழுவித் தையல் மிஷின் எண்ணெய் ஒரு துளி விட்டதோடு ‘பழுதான’ ரைபிள் சரியாகிவிடுவதும் உண்டு. விற்பவருக்கு இது தெரியாமல் விலையைக் குறைத்திருந்தால் வாங்குபவரின் அதிர்ஷ்டம்.

ப்ரைமர் துளைபட்டிருந்தால் நிலைமை தலைகீழ்: முள் அளவுக்கு மீறி நீண்டிருக்கிறது, அல்லது முனை கூராகிவிட்டது. அதோடு மேலும் சுடக் கூடாது.

டிரிகரையும் பாதுகாப்புப் பூட்டையும் காலி ரைபிளில் சோதிக்கலாம். முடுக்கி வைத்து, பின்கட்டையைக் கோணிப்பை விரித்த தரையில் ஓரளவு அழுத்தித் தட்டினால் முடுக்கு விழக் கூடாது. போல்ட்டை வேகமாக மூடினாலும் விழக் கூடாது. பாதுகாப்புப் பூட்டைப் போட்டு டிரிகரை இழுத்து, விட்டு, பிறகு பூட்டை எடுக்கும்போதும் விழக் கூடாது. இவற்றில் ஒன்று தவறினாலும் முடுக்கைப் பிடித்து நிறுத்தும் கொண்டி தேய்ந்திருக்கிறது, அல்லது இழுப்பை லேசாக்குகிறேன் என்று யாரோ அரம் போட்டிருக்கிறார்கள். வெளிநாடுகளில் வேட்டைத் துப்பாக்கி விபத்துகளில் நண்பரின் தோட்டாவுக்கு இரையானவர்கள் பலர். அந்த ரகப் பழுது இது. கொண்டியை மாற்றலாம், ஆனால் மாற்றும் வரை அந்த ரைபிளில் தோட்டா ஏறக் கூடாது.

தோட்டா ஏறாமல் சிக்குவது மேகசின் பழுது. மேல் உதடுகள் வளைந்திருக்கும், அல்லது தூக்கும் தட்டின் ஸ்பிரிங் சோர்ந்திருக்கும். விளிம்புள்ள தோட்டாக்களை மேகசினில் வைக்கும்போது மேலே இருப்பதன் விளிம்பு கீழே இருப்பதன் விளிம்புக்கு முன்னால் விழ வேண்டும். பின்னால் விழுந்தால் இரண்டும் கொக்கிபோல் மாட்டிக்கொள்ளும். பல ‘மேகசின் பழுதுகள்’ இப்படி நிரப்பியவரின் பழுதுகள்தாம். சுட்ட கூடு வெளியே வராவிட்டால் எக்ஸ்ட்ராக்டரின் சிறு தட்டை ஸ்பிரிங் உடைந்திருக்கும், சில்லறை வேலை. கூடு அறையில் ஒட்டிக்கொண்டு போல்ட்டைக் கையால் அடித்துத் திறக்க வேண்டியிருந்தால் அது வேறு சங்கதி: அறை அரித்திருக்கிறது.

கட்டையைப் பெரும்பாலோர் அழகுக்காக மட்டும் பார்க்கிறார்கள். இந்த ரைபிளில் குறி சிதறுவதற்கு முதல் சந்தேகம் அங்கேதான் போக வேண்டும். பின்கட்டையைப் பிடித்துக் குழலை ஆட்டினால் இம்மியும் அசையக் கூடாது. முன்கட்டையின் பின்முனையில் உலோகம் முட்டும் இடத்தில் மரம் நசுங்கியோ பிளந்தோ இருந்தால், ஒவ்வொரு வேட்டுக்கும் குழல் வெவ்வேறு இடத்தில் போய் உட்காரும். மரம் மழையில் ஊதி வெயிலில் சுருங்கும் ஊர்களில் இது தானாகவே நேரும். நல்ல தச்சர் மரத்தைப் பழுதுபார்ப்பதில் தவறில்லை என்று தோன்றும். ஆனால் ரைபிளை அவரிடம் விட்டுவிட்டு வருவதில்தான் சிக்கல்.

ஏனென்றால் துப்பாக்கியைப் பழுதுபார்ப்பதற்கே தனி உரிமம் வேண்டும். ஆயுதச் சட்டத்தின் 5ஆம் பிரிவு செய்தல், விற்றல் ஆகியவற்றோடு பழுதுபார்த்தல், சோதித்தல் ஆகியவற்றையும் சேர்த்தே சொல்கிறது. மீறினால் 2019 திருத்தத்தின்படி குறைந்தது 7 ஆண்டுச் சிறை, ஆயுள் தண்டனை வரையும் போகலாம். லேத் பட்டறைக்காரருக்கு இந்தத் தகவல் போய்ச் சேர்வதில்லை. ‘ஒரு சின்ன ஸ்பிரிங்தானே’ என்று செய்து கொடுத்துவிடுவார். சட்டத்தை ஒதுக்கி வைத்தாலும் வெல்டிங் வைத்த போல்ட் ஆபத்தே. அந்த எஃகு குறிப்பிட்ட வெப்பத்தில் பதம் ஏற்றப்பட்டது. வெல்டிங்கின் சூடு பட்டால் பதம் போய்விடும், வெளியே ஒன்றும் தெரியாது. வெல்டிங் தழும்பு உள்ள போல்ட்டோ உடலோ கொண்ட ரைபிளை எந்த விலைக்கும் வாங்கக் கூடாது.

முறையான வழி இது. உரிமதாரரே உரிமம் பெற்ற பழுதுநீக்குபவரிடம், அதாவது பெரும்பாலும் சென்னையின் ஆயுதக் கடைக்காரரிடம், ரைபிளைக் கொண்டுபோக வேண்டும். அவரால் முடியாதபோது, பழுதுபார்க்கவோ உரிமம் புதுப்பிக்கவோ எடுத்துப் போகும் இன்னொருவருக்கு உரிமதாரர் எழுத்தில் அதிகாரம் கொடுக்கலாம். 3ஆம் பிரிவே அதற்கு இடம் தருகிறது. வாய்வார்த்தை போதாது. கொடுக்கும்போது எண், பழுதின் விவரம், தேதி எல்லாம் உள்ள ரசீது வாங்கிக்கொள்ள வேண்டும், ஏனென்றால் இடைப்பட்ட நாட்களில் காவல் நிலையம் சரிபார்க்கக் கேட்டால் காட்ட வேறொன்றும் இருக்காது. போல்ட்தலை, குழல் போன்ற பெரிய பாகங்களுக்குக் கடைக்காரர் தொழிற்சாலையைத்தான் நாட வேண்டும். 2021 அக்டோபர் 1 அன்று பழைய ஆர்டினன்ஸ் ஃபாக்டரி வாரியம் கலைக்கப்பட்டு ஏழு நிறுவனங்கள் ஆனபின், இஷாப்பூர் ஆலை கான்பூரைத் தலைமையிடமாகக் கொண்ட அட்வான்ஸ்டு வெப்பன்ஸ் அண்ட் எக்விப்மென்ட் இந்தியா நிறுவனத்தின் கீழும், தோட்டா செய்யும் கட்கி ஆலை புனேயின் மியூனிஷன்ஸ் இந்தியா நிறுவனத்தின் கீழும் போய்விட்டன. பழைய முகவரிக்குக் கடிதம் எழுதிக் காத்திருப்பதில் பயனில்லை.

பழுது பார்த்த பிறகான முதல் வேட்டு வயலில் நடக்கக் கூடாது. ரைபிள் கிளப்பின் சுடுதளமே இடம். தோட்டா புதிதாக இருக்க வேண்டும். அடியில் ‘கே.எஃப்.’ முத்திரையோடு வரும் கட்கித் தோட்டாக்களில் தயாரிப்பு ஆண்டைப் பார்த்து வாங்கலாம். ரைபிளோடு சேர்த்து விற்பவர் தரும் பழைய தோட்டாக்களைச் சோதனைக்குப் பயன்படுத்தினால் குற்றம் ரைபிளுடையதா தோட்டாவுடையதா என்பது கடைசிவரை புரியாது. டிரிகரை இழுத்தும் வெடிக்காவிட்டால் குழலை இலக்கை நோக்கியே வைத்து ஒரு நிமிடம் காத்திருக்க வேண்டும். ஈரம் ஏறிய ப்ரைமர் தாமதித்து வெடிப்பதுண்டு. போல்ட்டை உடனே திறந்த கைகளுக்கு நேர்ந்தவை விவரிக்கத் தக்கவை அல்ல. ஒவ்வொரு கூட்டையும் எடுத்து அடியையும் ப்ரைமரையும் பார்த்துவிட்டே அடுத்தது. அட்டையில் குண்டு வட்டமாகத் துளைக்காமல் பக்கவாட்டில் கிழித்திருந்தால் புரிகள் செத்துவிட்டன, குண்டு சுழலாமல் புரண்டு போகிறது.

பழுது வாங்கிய பிறகு தெரியவந்தால் பணம் திரும்புமா? விற்றது கடை என்றால் ஓரளவு வழி உண்டு. குறையுள்ள பொருளை விற்றதாக 2019ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் 2 ஆண்டுக்குள் முறையிடலாம். தனி ஆளிடம் வாங்கியிருந்தால் 1930ஆம் ஆண்டின் சரக்கு விற்பனைச் சட்டம் வாங்குபவரைத்தான் எச்சரிக்கையாக இருக்கச் சொல்கிறது. சொன்ன விவரத்துக்கும் பொருளுக்கும் பொருத்தம் இல்லை என்று காட்டினால் மட்டுமே பிடி கிடைக்கும். அதற்காகத்தான் விற்பனைத் தாளில் ‘.315 ரைபிள் ஒன்று’ என்று நிறுத்தாமல், போல்ட் எண், குழலின் நிலை, ஹெட்ஸ்பேஸ் பார்த்த தேதி ஆகியவற்றை எழுதி இருவரும் கையெழுத்திட வேண்டும். கிராமத்தில் இதைக் கேட்டால் நம்பிக்கையில்லையா என்று முகம் சுளிப்பார்கள். சுளிக்கட்டும். பழுது கண்டவுடன் கோபத்தோடு ரைபிளைக் கொண்டுபோய் விற்றவர் வீட்டுத் திண்ணையில் வைத்துவிட்டு வருவது மட்டும் கூடாது. திருப்பிக் கொடுப்பதும் கைமாற்றமே. அவருடைய உரிமத்தில் அந்த ஆயுதம் நீங்கியிருந்தால், அது சட்டப்படி உரிமமில்லாதவரிடம் துப்பாக்கியை ஒப்படைத்த குற்றமாகிவிடும். மறுபடியும் அறிவிப்பு, மறுபடியும் 45 நாள்.

இவ்வளவும் சரியாக அமைந்த .315 ஒன்று கிடைத்தாலும் உத்திரமேரூருக்கு அது தகுமா என்ற கேள்வி மிச்சமிருக்கிறது. வேட்டை ரைபிள் என்ற பெயருக்கு இங்கே சட்டபூர்வமான வேலை இல்லை. 1972ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தில் மிச்சமிருந்த வேட்டை உரிமங்களையும் 1991 திருத்தம் துடைத்துவிட்டது. ஏரிக்கரை முயலும் காட்டுப்பன்றியும் பாதுகாப்புப் பட்டியலில் உள்ளவை. கரும்பையும் வேர்க்கடலையையும் பன்றி கிளறிவிட்டுப் போகும் விவசாயியின் ஆத்திரம் நியாயமானது. ஆனால் 2025 ஜனவரியில் தமிழக அரசு அறிவித்த முறைப்படி, காப்புக்காட்டிலிருந்து 3 கிலோமீட்டருக்கு அப்பால் வரும் பன்றிகளை வனத்துறையினர்தான் சுடலாம், நிலத்துக்காரர் அல்ல. 1 முதல் 3 கிலோமீட்டர் வரை பிடித்துக் காட்டில் விடுவது, 1 கிலோமீட்டருக்குள் ஒன்றும் செய்யாதிருப்பது என்பது மற்ற இரண்டு வளையங்கள்.

இன்னொரு வளையமும் உண்டு, அதை விற்பவர் யாரும் சொல்வதில்லை. வனவிலங்குச் சட்டத்தின் 34ஆம் பிரிவுப்படி சரணாலயத்துக்கு 10 கிலோமீட்டருக்குள் வசிக்கும் துப்பாக்கி உரிமதாரர் தலைமை வனவிலங்குக் காப்பாளரிடம் பதிவு செய்துகொள்ள வேண்டும். அந்த வட்டத்துக்குள் புதிய உரிமம் அவரது இசைவின்றிக் கொடுக்கப்படாது. உத்திரமேரூருக்குத் தென்கிழக்கே வேடந்தாங்கல், கரிக்கிலி என்று இரண்டு சரணாலயங்கள் இருக்கின்றன. இரண்டுமே 2022இல் ஈரநிலங்களுக்கான ராம்சார் பட்டியலில் சேர்ந்தவை. அந்தத் திசை ஊர்க்காரர்கள் ரைபிளைப் பார்ப்பதற்கு முன் தூரத்தைப் பார்ப்பது நல்லது. துப்பாக்கியோடு வேடந்தாங்கலுக்கு உள்ள பகை பழையது. 18ஆம் நூற்றாண்டின் கடைசியில் ஏரிப் பறவைகளைச் சிப்பாய்கள் சுட்டபோது வேடந்தாங்கல் மக்கள் செங்கல்பட்டுக் கலெக்டர் லயோனல் பிளேஸிடம் முறையிட்டு, பறவைகளைக் காக்கும் உரிமையை எழுத்தில் வாங்கினார்கள். எச்சம் கலந்த ஏரித் தண்ணீர் அவர்கள் நெல்லுக்கு உரமாயிற்று.

பயிர்ப் பாதுகாப்புக்கென்று உரிமம் கேட்பவருக்கு ஆயுதச் சட்டமே ரைபிளைக் காட்டவில்லை. 13ஆம் பிரிவு குழல்வாய் வழியாக மருந்து கெட்டிக்கும் துப்பாக்கியைச் சொல்கிறது. அது போதாது என்று உரிம அதிகாரி கருதினால் வேறு வழுவழுப்புக் குழல் துப்பாக்கி, அதாவது நடைமுறையில் 12 போர் ஒற்றைக்குழல். ஊரின் அமைப்பும் அதையே சொல்கிறது. உத்திரமேரூர்ச் சுற்றுவட்டாரம் ஏரிப் பாசனச் சமவெளி. வயலுக்கு வயல் குடிசை, வரப்பில் ஆள், கரையில் மாடு. .315இன் 15 கிராமுக்கும் சற்றுக் கூடிய குண்டு நொடிக்கு 600 மீட்டர் அளவான வேகத்தில் கிளம்புவது. குறி தவறினால் தடுக்க மேடில்லாத இடத்தில் சில கிலோமீட்டர் போய் விழும். 12 போரின் சிறு ரவைகள் சில நூறு மீட்டரில் அடங்கிவிடும். விரட்ட ஒரு வேட்டுச் சத்தம் வேண்டுமென்றால் அதற்கு 12 போரே அதிகம். அதில் பழுதாகக்கூடிய பாகங்களும் குறைவு, பார்த்துக் கொடுக்கும் கைகளும் அதிகம். கிளப் உறுப்பினராகப் பெரிய அளவு ரைபிள் சுட விரும்புபவருக்கு மட்டும், எண் பொருந்திய, அளவுகோலில் தேறிய .315 இன்றும் வாங்கத்தக்க, முரடான, நம்பகமான கருவி.

தேறாத ரைபிள் ஏற்கெனவே கையில் இருந்தால் அதைப் பரணில் போட்டு வைக்க முடியாது. உரிமம் ஓடும் வரை வைத்திருக்கலாம். புதுப்பிக்காமல் விட்டால் அதே நாளில் அது சட்டவிரோதப் பொருள். 21ஆம் பிரிவுப்படி அதைக் காவல் நிலையத்திலோ உரிமம் பெற்ற ஆயுத வியாபாரியிடமோ ஒப்படைத்து ரசீது பெற வேண்டும். உரிமதாரர் இறந்துவிட்டால் இந்தக் கடமை அவருடைய சட்டபூர்வப் பிரதிநிதிக்கு வரும். ஒப்படைத்ததை மாவட்ட ஆட்சியர் அலுவலகத்துக்குத் தெரிவித்து, உரிமத்திலிருந்து அந்த எண்ணை நீக்கச் செய்த பிறகுதான் அதே உரிமத்தில் வேறொரு துப்பாக்கிக்கு விண்ணப்பிப்பது நடக்கும்.